70-300 என்ற எண் ஒன்றுதான், எழுத்துகள் வேறு

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் உள்ளன. பறவைகளைப் படமெடுக்க 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்க விரும்புகிறேன். தேடினால் நிக்கான் நிறுவனத்திலேயே 70-300 லென்ஸ்கள் பல இருக்கின்றன. ஏஎஃப், ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி, டிஎக்ஸ், ஜி, இ, இடி, விஆர் என எழுத்துகள் மட்டும் மாறுகின்றன. விலையோ பெரிதும் வேறுபடுகிறது. இருப்பதிலேயே விலை குறைந்த பழைய லென்ஸ் போதுமா? எந்த எழுத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

பதில்: அந்தப் பழைய லென்ஸை வாங்க வேண்டாம். அதன் பெயர் வெறும் 'ஏஎஃப்' என்று தொடங்கினால், உங்கள் கேமராவில் அது தானாக ஃபோகஸ் செய்யாது. அவ்வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் உடலிலுள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி5600 உடலில் அந்த மோட்டார் வைக்கப்படவில்லை. மோட்டார் உள்ள நிக்கான் கேமராவில் லென்ஸைக் கழற்றிவிட்டு, லென்ஸ் பொருந்தும் உலோக வளையத்தை உற்றுப் பார்த்தால், சின்னத் திருப்புளியின் முனை போன்ற ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்பக்கம் அதற்கு இணையாகத் திருகாணித் தலை போன்ற ஒரு பிளவு இருக்கும். உங்கள் கேமராவில் அந்த முனையைக் காண மாட்டீர்கள். லென்ஸ் பொருந்தும், படமும் விழும்; ஆனால் கிளையிலிருந்து பறவை எழும் நொடியில் நீங்கள் கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி ஆகிய இரண்டு வகைகளிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் உங்களுக்கு இரண்டும் ஏற்றவை. கேமராவின் மெனுவில் ஏஎஃப்-எஸ் என்றே ஒரு ஃபோகஸ் முறையும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பிற்காலத்தில் வந்த ஏஎஃப்-பி வகை, அமைதியும் வேகமும் கூடியது. ஆனால் அதன் ஃபோகஸ் வளையம் மின்னணு முறையில் இயங்குவதால், அதை ஏற்காத பழைய நிக்கான் உடல்களில் கையால்கூட ஃபோகஸ் செய்ய முடியாது. உங்கள் டி5600 அதை முழுமையாக ஏற்கும். இந்த லென்ஸை நண்பருடைய பழைய கேமராவில் மாட்டிப் பார்க்கும்போது மட்டும் இது நினைவிருக்கட்டும்.

அடுத்தது விஆர். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு லென்ஸுக்குள் இருப்பதை இந்த இரண்டு எழுத்துகள் சொல்கின்றன. இதையே கேனான் ஐஎஸ் என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும், சிக்மா ஓஎஸ் என்றும், டாம்ரான் விசி என்றும் அழைக்கின்றன. வாங்குவோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப்/4.5-6.3ஜி இடி என்ற லென்ஸ், விஆர் உள்ளதாகவும் இல்லாததாகவும் இரு வடிவங்களில் வந்தது. மற்ற எழுத்துகளும் எண்களும் இரண்டிலும் ஒன்றே. விஆர் உள்ள வடிவத்திலும் அதை இயக்கும் பொத்தான் லென்ஸின் மேல் கிடையாது, கேமராவின் மெனுவில்தான் உண்டு. எனவே பொத்தானைத் தேடாமல் குழல் மீது அச்சிட்ட பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். உங்கள் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் பகுதி) சிறியது என்பதால் 300 மி.மீ. என்பது 450 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தையே தரும். அவ்வளவு நெருக்கத்தில் கையின் சிறு அசைவும் படத்தைக் கலைத்துவிடும். அதே வேளையில், விஆர் நிறுத்துவது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான், பறவையின் சிறகடிப்பை அல்ல. அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

மற்ற எழுத்துகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். டிஎக்ஸ் என்பது உங்களுடையதைப் போன்ற சிறிய சென்சாருக்காக வடிவமைத்தது. இடி என்பது படத்தின் விளிம்புகளில் தெரியும் நிறப்பிசிறைக் குறைக்கும் கண்ணாடி. ஜி என்றால், ஒளி நுழையும் துளையைக் (அபெர்ச்சர்) கையால் மாற்றும் வளையம் லென்ஸில் இல்லை. இ என்றால் துளையை மின்காந்த முறையில் கேமரா இயக்குகிறது. இவை இரண்டாலும் உங்களுக்குத் தடையில்லை. ஆனால் எழுத்துகளின் இந்த அர்த்தத்தை வேறு நிறுவனத்தின் லென்ஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். சோனியில் ஜி என்பது தர வரிசையின் பெயர், இ என்பது மவுண்டின் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் இணைப்பின்) பெயர். டிசி என்பது சிக்மாவில் சிறிய சென்சாருக்கானது. நிக்கானில் அதுவே பின்புல மங்கலைக் கட்டுப்படுத்தும் தனிவகை லென்ஸைக் குறிக்கும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, பெயர் விஆர் என்று முடியும் அந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் லென்ஸ். பின்னாளில் முழுச் சட்டக (பெரிய சென்சார் கொண்ட) நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு மாறுவது உறுதியென்றால் மட்டும், டிஎக்ஸ் என்ற சொல் இல்லாத ஏஎஃப்-பி 70-300 எஃப்/4.5-5.6இ இடி விஆர் லென்ஸுக்குக் கூடுதலாகச் செலவிடுங்கள். 300 மி.மீ.யில் துளை எண் 6.3க்குப் பதில் 5.6 ஆவதால், அதாவது துளை சற்றுப் பெரிதாவதால், கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சம் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் (வெளிச்சம் இரு மடங்காவதே ஒரு ஸ்டாப்). அதற்காக மட்டும் அவ்வளவு எடையும் விலையும் தேவையில்லை.

கேள்வி: என்னிடம் கேனான் இஎஃப் லென்ஸ் ஒன்றும் இஎஃப்-எஸ் லென்ஸ் ஒன்றும் உள்ளன. முழுச் சட்டகக் கேமரா வாங்கினால் இரண்டும் பயன்படுமா?

பதில்: வாங்கப்போவது உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரா, அது இல்லாத மிரர்லெஸ்ஸா என்பதைப் பொறுத்தது. முழுச் சட்டக டிஎஸ்எல்ஆரில் இஎஃப் மட்டுமே பொருந்தும். இஎஃப்-எஸ் லென்ஸின் பின்பகுதி கேமராவுக்குள் கூடுதலாக நீள்வதால், அங்குள்ள பெரிய பிரதிபலிப்புக் கண்ணாடியில் மோதாதிருக்க மவுண்ட்டே அதைத் தடுக்கும். லென்ஸின் பின்விளிம்பில் சிவப்புப் புள்ளி இருந்தால் இஎஃப், வெள்ளைச் சதுரம் இருந்தால் இஎஃப்-எஸ். கேனானின் ஆர்எஃப் மவுண்ட் உள்ள மிரர்லெஸ்ஸில், கேனானின் அடாப்டர் வழியாக இரண்டும் இயங்கும். ஆனால் இஎஃப்-எஸ் மாட்டியதும் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 20 மெகாபிக்சல் கேமராவில் ஏறக்குறைய 8 மெகாபிக்சல் படமே மிஞ்சும். இஎஃப்-எஸ் லென்ஸைப் பழைய கேமராவுடன் சேர்த்தே விற்றுவிடுங்கள், இஎஃப் லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.