முப்பது சென்ட் பூங்காவும் மூன்று தெருவின் கருத்தும்

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென விடப்பட்ட 30 சென்ட் இடம் பல ஆண்டுகளாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. இப்போது மாநகராட்சி பூங்கா அமைக்க முன்வந்து, மக்கள் கருத்தைக் கேட்டுச் சொல்லுமாறு எங்கள் சங்கத்திடம் கூறியுள்ளது. கூட்டம் போட்டோம், இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பெரியவர்கள் நடைபாதை கேட்டார்கள், இளைஞர்கள் இறகுப்பந்துத் தளம் கேட்டார்கள், ஒருவர் செயற்கை நீரூற்றுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கூட்டம் சண்டையில் முடிந்தது. எப்படித்தான் கருத்துக் கேட்பது?
— குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், திருச்சி

பதில்: ஆட்களைக் கேட்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஈடாகப் பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. பேச்சு வழக்கில் ஓ.எஸ்.ஆர். இடம் என்பது இதைத்தான். உங்கள் மனைப்பிரிவு அதற்கு முந்தையதாக இருந்தாலும் பார்க்க வேண்டியவை இவையே: தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, பட்டா உள்ளாட்சியின் பெயரில் இருக்கிறதா, வரைபடத்தில் உள்ள நான்கு எல்லையும் தரையில் இருக்கின்றனவா. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் நான்கடி உள்ளே வந்திருப்பது நடைபாதைக்குக் குழி வெட்டும் நாளில்தான் தெரிய வந்தால், உங்கள் பூங்கா நேராக நீதிமன்றத்துக்குப் போய்விடும். அலுவலகத்தில் பதில் கிடைக்காவிட்டால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுக் கொடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். வந்த இருபத்திரண்டு பேரில் பெண்கள் எத்தனை பேர், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒலிபெருக்கி வைத்து நடத்தும் கூட்டத்துக்கு யார் வர முடியுமோ அவர்களுடைய கருத்துதான் ஊர்க் கருத்தாகப் பதிவாகிறது. பூங்கா அதிகம் தேவைப்படுகிறவர்களோ அந்த நேரத்தில் அடுப்படியிலோ வேலையிலோ இருக்கிறார்கள். ஆகவே நீங்கள்தான் அவர்களிடம் போக வேண்டும். தண்ணீர் லாரி வரும் நேரத்திலும், பள்ளி வேன் வந்து நிற்கும் மாலை நான்கு மணிக்கும், இஸ்திரி வண்டியருகிலும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் நின்றால், ஒரு வாரத்தில் மூன்று தெருவும் பேசிவிடும்.

கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால், வேறு பூங்காவில் பார்த்ததையெல்லாம் மக்கள் வரிசையாகச் சொல்வார்கள், உங்கள் நீரூற்று அன்பர் அப்படித்தான் உருவாகியிருப்பார். "உங்கள் பிள்ளை இப்போது எங்கே விளையாடுகிறான், மாமியார் மாலையில் எங்கே உட்காருகிறார், மத்தியானச் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் தினமும் நடக்கப் போகும் பூங்காவில், நன்கொடையாளர் பெயர் பொறித்த ஆறு சிமெண்ட் பெஞ்சுகள் மேற்கு பார்த்து வரிசையாக இருக்கின்றன. மாலை நான்கரைக்கு அவற்றில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. பெரியவர்கள் எல்லோரும் மோட்டார் அறையின் பின்பக்கத் திட்டில், செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நிழல் அங்கேதான் விழுகிறது. வரைந்தவர் ஒரே ஒரு மாலை அந்த இடத்தில் வந்து நின்றிருந்தால் போதும்.

சண்டைக்கு மருந்து, காகிதத்தை விட்டுத் தரைக்கு வருவது. 30 சென்ட் என்பது ஏறத்தாழ 13,000 சதுர அடி. இறகுப்பந்துத் தளம் 44 அடிக்கு 20 அடி. சுற்றிலும் இடம் விட்டாலும் மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் போகாது. இடம் சதுரமாக இருந்தால், ஓரத்தையொட்டிப் போடும் நடைபாதை ஒரு சுற்றுக்கு 130 மீட்டர் அளவில் வரும்; எட்டுச் சுற்றில் ஒரு கிலோமீட்டர். இரண்டுக்குமே இடமிருக்கிறது என்பதை வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். புதரை வெட்டியதும் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, இரண்டு மாலை எல்லோரையும் அதில் நடக்க விடுங்கள். நீரூற்றுக்கும் ஒரு வட்டம் போடுங்கள். அதன் மின் கட்டணத்தை யார் கட்டுவது, மோட்டார் பழுதானபின் தேங்கும் தண்ணீரில் கொசுவை யார் ஒழிப்பது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடும்.

கேள்வி: கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா, அல்லது இது அதிகாரிகளின் பெருந்தன்மையா?
— வாசகர், தாம்பரம்

பதில்: பெருந்தன்மையை நம்பியிருக்க வேண்டாம். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிக்கு அடித்தளமிட்டது. ஆனால் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. வார்டைப் பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை; அந்தப் பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் அதன் உறுப்பினர்கள். நலச் சங்கத்தில் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களே இருப்பார்கள். பகுதி சபையில், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள வாடகைதாரருக்கும் அதே உரிமை உண்டு. அதனால், சங்கம் கையெழுத்து வாங்கி அனுப்பும் மனுவைவிட, பகுதி சபையில் எழுந்து பேசி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிய கோரிக்கைக்கு மதிப்பு அதிகம். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பின்னால் போனால், "மதிப்பீடு முடிந்துவிட்டது" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும்.

கேள்வி: பூங்கா வந்தால் இரவில் குடிகாரர்கள் கூடுவார்கள் என்று எங்கள் தெருவில் எட்டடி மதில் கேட்கிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.
— குடும்பத் தலைவி, மதுரை

பதில்: உங்கள் பயம் நியாயமானது, மதில்தான் தவறான மருந்து. எட்டடி மதிலுக்குப் பின்னால் நடப்பது தெருவுக்குத் தெரியாது, குடிக்க வருகிறவருக்கு அதைவிட வசதி வேறில்லை. முழங்கால் உயரத்துக்குச் சுவர், அதன்மேல் கம்பி வேலி, தெருவைப் பார்த்த வாசல், ஆளுயரப் புதர் இல்லாத ஓரம், நடைபாதையில் விழுகிற விளக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். வாசலில் சரிவுப் பாதைக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவை; சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் அதுவே வழி.

இன்னொன்று, ஆள் நடமாட்டம்தான் பெரிய காவல். காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நான்குக்குத் திறக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் உணவு விநியோக இளைஞர்களும் சற்று உட்கார நிழல் தேடுவது அந்த இடைவேளையில்தான். திறந்திருக்கும் நேரத்தையும் சாவி யாரிடம் என்பதையும் கருத்துக் கேட்பிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: "நமக்கு நாமே" திட்டத்தில் பூங்கா கேட்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கேட்கலாம். அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் அது; பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். ஆனால் அதிகம் கொடுத்தவர் சொன்னதே வரைபடம் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூங்கா இடத்தின் மூலையில் ஒரு பிள்ளையார் கோயில் கட்ட எல்லோரும் சம்மதித்துவிட்டோம். தடை உண்டா?
— சங்கத் தலைவர், சேலம்

பதில்: உண்டு. பொதுச் சாலை, பூங்கா போன்ற பொது இடங்களில் எந்த மதத்தின் பெயராலும் அனுமதியற்ற புதிய கட்டுமானம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டது. பெங்களூரின் ராஜ்மகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததையும், அப்பகுதிவாசிகள் தொடுத்த வழக்கில், அதே நீதிமன்றம் 1991இல் செல்லாது என்றது. நல்ல காரியத்துக்கே என்றாலும் பூங்கா இடத்தை வேறொன்றாக மாற்றும் உரிமை உங்கள் சங்கத்துக்கு இல்லை. "எல்லோரும் சம்மதித்துவிட்டோம்" என்கிறீர்கள். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருந்தார்கள்?