ஓய்வு பெற்ற ராணுவத்தினர் கூடினாலே ஏன் சர்வீஸ் கதையே பேசுகிறார்கள்?

பெரும்பாலும் இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 வருட சர்வீஸ் வேண்டும். அதை முடித்துக்கொண்டு நாற்பதுக்குள் ஊர் திரும்புகிறவர்கள் நிறைய. இளமை முழுக்க அங்கேதான் போனது, வேறு எதைப் பேசுவார்கள்?

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட். குன்னூர் பக்கம் வெலிங்டனில் பயிற்சி. கேண்டீன் வரிசையில் பழைய ஆள் யாரையாவது பார்த்தால் பெயரைக்கூடக் கேட்க மாட்டார், "எந்த பட்டாலியன்?" என்றுதான் ஆரம்பிப்பார். அப்புறம் பேச்சில் லடாக்கின் சியாச்சின் பனியாறு வந்துவிடும். அதைக் கைப்பற்ற 1984 ஏப்ரலில் ஆபரேஷன் மேக்தூத் தொடங்கியதிலிருந்து நம் படை அங்கே இருக்கிறது. தக்காளி கல்லாக உறைந்துவிடும். வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பனிப்பிளவில் யாரும் விழுந்துவிடாமல் இருக்க, ஒரே கயிற்றில் எல்லோரையும் பிணைத்துக்கொண்டு நடப்பார்கள். அதைச் சொல்லும்போது அப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போகும்.

அவர்கள் பேச்சில் சண்டை குறைவுதான். லங்கர் என்கிற ராணுவச் சமையல்கூடத்தின் சாப்பாடு, லீவுக்கு ஏறிய ரயில், திரும்பி வராத நண்பன், இவைதான் அதிகம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், கயிற்றில் அவருக்கு முன்னால் நடந்தது யார் என்று கேட்டுப் பாருங்கள்.