ஆங்கிலத்தில் எழுதும்போது 'பாதி விளையாட்டாகச் சொன்னார்' என்பதை எப்படிக் காட்டுவது?

இதற்கு ஆங்கிலத்தில் கைவசம் உள்ள சொல் 'ஹாஃப் ஜோக்கிங்லி'. 'ஹீ செட்' (அவர் சொன்னார்) போன்ற வினையை ஒட்டி வரும். பேச்சு வேடிக்கையாக இருந்தது, ஆனால் உள்ளே கொஞ்சம் நிஜமும் இருந்தது என்று பொருள்.

இது ஏன் தேவை? நேரில் பேசினால் குரலும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை விலை ஏறிடுச்சோ?" என்று மாமா சிரித்துக்கொண்டே கேட்டால் வீடே சிரிக்கும்; அத்தை சர்க்கரை டப்பாவையும் எடுத்து வருவார். அதையே எழுத்தில் மட்டும் படித்தால் சண்டைக்கு வந்ததுபோல இருக்கும். மாமாவின் சிரிப்பு செய்த வேலையைத்தான் இந்தச் சொல் செய்கிறது. (1982-இல் கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்பு முகம் போடச் சொன்னதும் இதே சிக்கலுக்காகத்தான்.)

முன்னால் 'ஒன்லி' சேர்த்து 'ஒன்லி ஹாஃப் ஜோக்கிங்லி' என்றால் தராசு நிஜத்தின் பக்கம் சாயும். 'சிரிக்கிறேன், ஆனா நிஜமாத்தான் சொல்றேன்' என்கிற தொனி. 'டங் இன் சீக்' வேறு ரகம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு செய்யும் கிண்டல் அது; சொன்னதை அப்படியே நம்பக் கூடாது. எதுவானாலும் ஒரு கட்டுரையில் ஒருமுறை போதும், மேலே போனால் ஜோக் செத்துவிடும்.

அப்புறம், 'டங் இன் சீக்' என்றால் நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் நாக்கு கன்னத்துக்குள்தான் இருக்கிறது, வெளியே வருவதே இல்லை.