பல் டாக்டர் பதில்கள்: எல்லாப் பழியும் வயதின் மேலா?

டாக்டர், எனக்கு 68 வயது. ஒரு வருடமாக வாய் உலர்ந்து போகிறது. ராத்திரியில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தூக்கம் கலைகிறது. லேசான காரம் பட்டாலே கன்னத்தின் உட்புறம் எரிகிறது. வயதானால் எச்சில் வற்றத்தானே செய்யும் என்கிறார்கள் வீட்டில். உண்மையா?
- ஒரு வாசகி

பாதி உண்மை. வயது ஏற ஏற உமிழ்நீர்ச் சுரப்பிகளில் எச்சில் சுரக்கும் திசு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் வந்துவிடுகின்றன. ஆனால் சுரப்பிகளுக்குக் கையிருப்பு நிறைய உண்டு. ஆரோக்கியமாக இருக்கும் முதியவர் ஒன்றை மெல்லும்போது, காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பி கிட்டத்தட்ட இளவயதில் சுரந்த அளவுக்கே சுரக்கும்.

அதனால் வாய் உலர்கிறது என்று யாராவது வந்தால் நான் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் மாத்திரைப் பையைத் திறக்கச் சொல்வேன். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், குறிப்பாகச் சிறுநீரை அதிகப்படுத்துபவை, அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், அடிக்கடி சிறுநீர் கழிப்பதைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் எல்லாமே எச்சிலைக் குறைக்கக்கூடியவை. இரண்டு மூன்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 'ஒரு வருடமாக' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமயத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா, பாருங்கள். ஆரம்பித்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணும் சேர்ந்து உலர்ந்து, மண் விழுந்தது போல் உறுத்தினால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது வேறு ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம்.

எரிச்சலில் வயதுக்கும் பங்கு உண்டு. வாயின் உட்புறத் தோல் மெலிந்துவிடுகிறது. அதற்கு அடியில் இருக்கும் கொலாஜனும் பழைய நெகிழ்ச்சியை இழக்கிறது. எச்சில் இல்லாமல் போனால் பல் உரசுவதும் காரம் படுவதும் நேரே அந்த மெல்லிய தோலில்தான். உலர்ந்த வாயில் பூஞ்சைத் தொற்றும் எளிதில் வரும், அதுவும் எரியும். ஆகவே ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

அதுவரை அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். அப்புறம், எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாயைப் பரிந்துரைக்கும் அன்பர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் தீராத கோபம்! ஊறும், வாஸ்தவம்தான். ஆனால் புளிப்பு என்றால் அமிலம். அமிலத்தை அளக்கும் எண்தான் பிஎச், அது குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் பிஎச் 5.5 அளவுக்கு இறங்கினால்தான் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்வேருக்கு எனாமல் கிடையாது. பிஎச் 6-க்கு மேல் இருக்கும்போதே அது கரையத் தொடங்கிவிடும். கழுவிவிட எச்சிலும் இல்லாத வாயில் இந்த மிட்டாய் நாள் முழுக்கக் கிடந்தால் வேரில்தான் சொத்தை விழும். ஃபுளோரைடு அதிகமுள்ள பற்பசை உங்களுக்குத் தேவையா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

டாக்டர், நாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கருநீல நிறத்தில் முண்டு முண்டாக இருக்கிறது. வலி இல்லை. புற்றுநோயோ என்று பயம். வயது 72.

இரண்டு பக்கமும் அப்படி இருந்தால் பெரும்பாலும் அவை புடைத்த ரத்தக் குழாய்கள்தான். வயதானவர்களிடம் சர்வசாதாரணம், சிகிச்சை தேவையில்லை. அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். தினமும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு: இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு திட்டு, தடித்த கட்டி. இவையும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. நாக்கின் ஓரத்தில் வந்தால், அதுவும் புகையிலைப் பழக்கம் இருந்தால், தள்ளிப்போடவே கூடாது.

டாக்டர், 60 வயதில் என் பற்கள் மஞ்சளாகி, நீளமாகிவிட்டன. ஒரு நல்ல விஷயம், முன்பிருந்த பல்கூச்சம் போய்விட்டது!

அது அவ்வளவு நல்ல விஷயமா என்று தெரியவில்லை. எனாமல் தேய்ந்து, அதன் அடியில் இருக்கும் மஞ்சள் நிற டென்டின் தடிப்பதால் நிறம் மாறுகிறது. இது வயதின் வேலை. பல் நீளமாகவில்லை, ஈறு இறங்கியிருக்கிறது. அதற்கு ஈறு நோயும் வருடக்கணக்கில் பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்ததும்தான் முக்கியக் காரணம். கூச்சம் போனது எப்படி என்றால், பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் அறை டென்டின் படிந்து படிந்து குறுகிவிடும். அதனால் சொத்தை வந்தாலும் தாமதமாகத்தான் தெரியும். வலிக்கும்போது போகலாம் என்று இருந்தால் பல்லைக் காப்பாற்றும் கட்டம் தாண்டியிருக்கும். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறுங்கள், வலி இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள்.

டாக்டர், அப்பாவுக்கு 80 வயது. கீழ் பல்செட் ஆடுகிறது. செய்தபோது கச்சிதமாக இருந்தது. இரவிலும் கழற்றுவதில்லை. அண்ணம் சிவந்திருக்கிறது. கீழே மிச்சம் இருக்கும் இரண்டு பல்லையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் செய்துவிடலாமா?

பல்செட் அப்படியேதான் இருக்கிறது, அப்பாவின் எலும்புதான் கரைந்திருக்கிறது. பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு சுருங்கத் தொடங்கும், நிற்காது. கீழ்த்தாடையில் மேலே இருப்பதைவிட வேகமாகவே சுருங்கும். அண்ணம் சிவப்பது மேல் பல்செட்டை நாள் முழுக்கப் போட்டிருப்பதால். அதன் அடியில் பூஞ்சை வளர்ந்திருக்கும். இன்றிரவிலிருந்தே கழற்றச் சொல்லுங்கள். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்கட்டும். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும்.

அந்த இரண்டு பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். வேர் உறுதியாக இருந்தால் ஈறு மட்டத்துக்கு வெட்டி, அவற்றின் மேல் உட்காரும்படி பல்செட் செய்ய முடியும். அந்த இடத்து எலும்பும் அவ்வளவு சீக்கிரம் கரையாது. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எலும்புத் தேய்மானத்துக்கு அப்பா மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அப்படிப்பட்ட சில மருந்துகளை எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவது அபூர்வமாக நடக்கிறது. பல் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள்.