குறுக்குக்கோடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை போனதைப் பற்றி நண்பன் நீளமாக எழுதியிருந்தான். அவசரத்தில் கட்டைவிரல் சின்னம் மட்டும் போட்டேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். சாலைக் குறியீடுபோல இமோஜிகளுக்கும் ஒரே பொருள் வகுத்துவிட்டால் என்ன? படம் எல்லோருக்கும் புரியுமே!

கு.

அன்புள்ள கு.,

இன்றே அவரைக் கூப்பிடுங்கள். கட்டைவிரலுக்கு விளக்கம் வேண்டாம். எழுதியதை முழுக்கப் படித்தீர்கள் என்று தெரிந்தாலே அவர் மனம் ஆறும். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு, இமோஜிக்கு எண்ணும் பெயரும் தருகிறது. அதை யார் எந்த அர்த்தத்தில் அனுப்புவார்கள் என்பது அதன் கையில் இல்லை. அது கிடக்கட்டும்.

'படம் எல்லோருக்கும் புரியும்' என்கிறீர்களே, அதை விடமுடியாது. யோசிக்காமல் சொல்லிவிட்டீர்கள். இந்த நம்பிக்கை உயிரைக் குடித்திருக்கிறது.

2000-ல் தாய்லாந்தின் சமுத்பிரகானில், கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின், கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய பாகத்தைப் பழைய இரும்புக்கடையில் பிரித்தார்கள். கதிர்வீச்சைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் அதன்மேல் இருந்தது. பிரித்தவர்களுக்கு அது எதையும் சொல்லவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். சொல்லித்தராவிட்டால் மூவிதழ் யாருக்கும் மின்விசிறிதான். 2007-ல் கதிர், மண்டையோடு, ஓடும் மனிதன் மூன்றையும் சேர்த்துப் புதுச் சின்னம் வந்தது, பதினொரு நாட்டு மக்களிடம் காட்டிப் பார்த்த பிறகு.

ஐசோட்ரெட்டினாயின் என்ற முகப்பரு மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டால் குழந்தை ஊனத்தோடு பிறக்கலாம். அதனால் அட்டையில் கர்ப்பிணி உருவம் வரைந்து குறுக்கே கோடு போட்டார்கள். சில பெண்கள் அதைக் கருத்தடை மாத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்லாதீர்கள். குறுக்குக்கோடு தனக்குக் கீழே இருப்பதை மறுக்கும். கீழே இருப்பது கர்ப்பம். மாத்திரை படத்திலேயே இல்லை. 'நீ கர்ப்பிணியானால் இதைச் சாப்பிடாதே' என்பதில் ஒரு நிபந்தனையும் ஒரு விலக்கும் இருக்கின்றன. 'கர்ப்பிணியானால்' என்ற நிபந்தனையை எப்படி வரைவீர்கள்? பக்கத்தில் ஒரு வரி எழுதித்தான் ஆகவேண்டும்.

சின்னம் வகுக்கிற ஆசை இருந்தால் முதலில் சோதியுங்கள். எந்த இடத்தில் ஒட்டப்போகிறீர்கள் என்று மட்டும் சொல்லி, 'இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஊகித்துவிடுவார்கள். அமெரிக்கப் பாதுகாப்புக் குறியீட்டுத் தரம் 85 விழுக்காடு சரியான விடை கேட்கிறது. நேரெதிராகப் புரிந்துகொண்டவர்களைத் தனியே எண்ணுகிறார்கள். அவர்கள் 5 விழுக்காட்டைத் தாண்டினால், மீதிப்பேர் சரியாகச் சொல்லியிருந்தாலும் அந்தப் படம் தேறாது.