பையில் கத்தி இருக்கிறதாம்: பள்ளிப் பாதுகாப்பு கேள்வி-பதில்

வகுப்பில் ஒருவன் பையில் கத்தி வைத்திருப்பதாக ஒரு மாணவி வந்து காதில் சொல்கிறாள். உடனே பையைச் சோதிக்கலாமா?

கூடாது. எல்லோர் முன்னாலும் பையைப் பிடித்து இழுத்தால், பயத்தில் அவன் கைதான் முதலில் பைக்குள் போகும். பாடத்தை நிறுத்தாதீர்கள், அலுவலகத்துக்கு ஓசையில்லாமல் சேதி அனுப்புங்கள். சொன்ன பெண்ணின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

வருகிறவர்கள் இருவராக வரட்டும். “கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வாப்பா, பை இருக்கட்டும், சார் எடுத்துட்டு வருவார்.” குரல் இவ்வளவு சாதாரணமாக இருந்தால் போதும். அவன் முன்னால், கைகள் கண்ணில் படும்படி நடக்க, ஒருவர் சற்றுத் தள்ளிக் கூடவே போக வேண்டும். மற்றவர் பையோடு இன்னும் பின்னால். வழியில் கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ நிற்கக் கூடாது. பொருள் கைமாறுவதும் மறைவதும் அங்கேதான். அறைக்குள் போனபின்னும் பை அவன் கைக்கு எட்டக் கூடாது.

“நீயே எடுத்துக் கொடுத்துடு” என்பது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. ஆயுதத்தை நாமே அவன் கையில் கொடுப்பதற்குச் சமம். பேச்சு துப்பாக்கி பற்றியது என்றாலோ, பொருள் இடுப்பில் இருப்பதாகச் சந்தேகம் என்றாலோ மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. முதலில் போலீஸ், அணுகுவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

துப்பாக்கி ஒன்று அலமாரியில் கிடந்தது. குண்டை எடுத்துவிட்டால் ஆபத்து இல்லைதானே?

தொடாதீர்கள். மேகசினை, அதாவது குண்டுகள் அடுக்கிய பெட்டியைக் கழற்றினாலும், சுடத் தயாராகக் குண்டு உட்காரும் சேம்பரில் ஒன்று நிற்கலாம். அறையைக் காலி செய்து பூட்டி, வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, பிறகு யார் உள்ளே போனார்கள் என்பதை அப்போதே தாளில் எழுதுங்கள். மறுநாள் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். பொம்மை போலத் தெரிந்தாலும் இதேதான்.

கேட்டைச் சாத்துவதும் லாக்டவுனும் ஒன்றுதானா?

இல்லை. ஆபத்து வெளியே என்றால் வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு வகுப்பை நடத்தலாம். உள்ளே என்றால்தான் லாக்டவுன்: வகுப்பறைக் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கதவுக் கண்ணாடி வழியே தெரியாத மூலையில் அமைதியாக உட்கார வேண்டும். அறிவிப்பில் சங்கேத வார்த்தை வேண்டாம். அன்று புதிதாக வந்த ஆசிரியருக்குப் புரியாது.

கதவு உள்ளிருந்து பூட்டுமா என்று இன்றே பாருங்கள். சாவியோடு வராந்தாவுக்கு வந்துதான் பூட்ட முடியும் என்றால் அது பூட்டே இல்லை. அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு, 2015 அறிக்கையில் எல்லா வகுப்பறைக்கும் உள்ளிருந்து பூட்டும் கதவைப் பரிந்துரைத்தது.

லாக்டவுன் என்று தெரிந்தால் மகளுக்கு போன் செய்யலாமா?

வேண்டாம். வைப்ரேட்டில் இருந்தாலும் மேசைமேல் அதிரும் போன் இருட்டறையில் நன்றாகவே கேட்கும். பள்ளிக்கும் ஓடாதீர்கள், வாசலில் நிற்கும் வண்டிகள் ஆம்புலன்ஸை மறிக்கும். பள்ளியும் பெற்றோரைக் காக்க வைக்கக் கூடாது: என்ன நடந்தது, பிள்ளைகள் இப்போது எங்கே, அடுத்த தகவல் எப்போது என்று மூன்று வரி போதும். மாணவன் பெயர் அதில் வரக் கூடாது.

“எல்லாரையும் குத்திடுவேன்” என்றான். கோபத்தில் சொன்னதாக விட்டுவிடலாமா?

விசாரிக்காமல் விடக் கூடாது. யாரை, எப்போது என்று குறிப்பாகச் சொன்னானா, ஆயுதம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, வேறு யாரிடமும் சொன்னானா என்று கேளுங்கள். ஆற அமரப் பேசியதும் கோபம் வடிந்து மன்னிப்புக் கேட்பவன் வேறு. நாள் குறித்து வைத்திருப்பவன் வேறு. அமெரிக்க ரகசிய சேவையும் கல்வித் துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 81 சதவீதச் சம்பவங்களில் வேறு ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருந்தது. காதில் வந்து சொல்லும் பிள்ளையின் பெயர் வெளியே கசிந்தால், அடுத்த முறை யாரும் சொல்ல வர மாட்டார்கள்.

பென்சில் சீவ பிளேடு கொண்டுவந்த மூன்றாம் வகுப்புப் பையன்?

வாங்கி வையுங்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள், ஒரு ஷார்ப்னர் கொடுங்கள்.