ஹைட்ரஜன் போனதா, ஆக்சிஜன் போனதா? வனேடியம் டையாக்சைடு படலத்தில் கண்டுபிடிப்பது எப்படி

கேள்வி: சிங்கப்பூரில் பொருளறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். வனேடியம் டையாக்சைடு படலத்தில் மெல்லிய பிளாட்டினம் பூசி, ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் 120 டிகிரியில் சூடாக்கினேன். 68 டிகிரியில் மின்காப்பி உலோகமாக மாறும்போது வர வேண்டிய மின்தடைத் தாவலைக் காணோம். அறை வெப்பநிலையிலேயே உலோகம்போல நடந்துகொள்கிறது. ஆனால் அதிக நேரம் வைத்த சாம்பிளில் மின்தடை மறுபடி ஏறிவிட்டது. "உள்ளே ஹைட்ரஜன் போனதா, ஆக்சிஜன் வெளியே போனதா?" என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். எப்படி நிரூபிப்பது? வெயிலைத் தடுக்கும் ஜன்னல் கண்ணாடிக்கு இது பயன்படுமா?

பதில்: முதலில் ஒரு சலிப்பான சோதனை. உங்கள் பிளாட்டினம் தொடர்ச்சியான படலமா, தனித்தனித் தீவுகளா? தொடர்ச்சியாக இருந்தால் மின்னோட்டம் அதன் வழியாகவே போய்விடும், நீங்கள் அளப்பது பிளாட்டினத்தின் மின்தடையாக இருக்கும். பிளாட்டினத்தை ஓரத்தில் மட்டும் பூசி, சற்றுத் தள்ளி அளந்து பாருங்கள்.

அது சரி என்றால், நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கமே ஹைட்ரஜன் பக்கம்தான் சாய்கிறது. வனேடியம் டையாக்சைடில் ஒவ்வொரு வனேடியத்துக்கும் வெளிக்கூட்டில் (d ஆர்பிட்டாலில்) ஒரு எலக்ட்ரான். 68 டிகிரிக்குக் கீழே வனேடியம் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, எலக்ட்ரான்களும் ஜோடியாகக் கட்டுண்டு கிடப்பதால் அது மின்காப்பி. பிளாட்டினம் ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து அணுவாகப் படலத்துக்குள் அனுப்புகிறது. அந்த அணுவின் புரோட்டான் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ள, எலக்ட்ரான் வனேடியத்துக்குப் போகிறது. கொஞ்சம் எலக்ட்ரான் சேர்ந்தாலே அந்த ஜோடி ஏற்பாடு குலைந்து உலோகமாகிவிடும். ஆனால் வனேடியத்துக்கு ஒன்று என்ற கணக்கை ஹைட்ரஜன் நெருங்கும்போது, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கி, விரிந்துவிட்ட அணிக்கோவையில் (படிகத்தின் அணு அடுக்கில்) அவரவர் அணுவிலேயே தங்கிவிடுகின்றன. திரும்பவும் மின்காப்பி. தென்கொரிய ஆய்வாளர்கள் 2016இல் இந்த இரண்டு கட்டங்களையும் காட்டினார்கள்.

ஆகவே ஹைட்ரஜன் சேர்த்தால் உலோகமாகும் என்று ஆய்வறிக்கையில் பொதுவிதி எழுதிவிடாதீர்கள். சமேரியம் நிக்கலேட் என்ற இன்னொரு ஆக்சைடில் நேர் எதிர்: கூடுதல் எலக்ட்ரான் நிக்கலின் மேல் ஆர்பிட்டால்களைச் சரிபாதி நிரப்பிவிட, மின்தடை கோடி மடங்குக்கு மேலும் ஏறலாம்.

இருந்தாலும் சாய்வு நிரூபணம் ஆகாது. ஆக்சிஜன் வெளியேறிய காலியிடமும் எலக்ட்ரானைத் தரும், வனேடியத்தை மூன்றாம் இணைதிறனுக்கு இறக்கும், அணிக்கோவையையும் விரிக்கும். அதனால் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் (XRD) உச்சம் சிறிய கோணத்துக்கு நகர்ந்ததை, அதாவது அணிக்கோவை விரிந்ததை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எக்ஸ்-கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலையோ (XPS) ஹைட்ரஜனை நேரடியாகப் பார்க்காது. ஆக்சிஜன் உச்சத்தின் தோளில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைப்பு) தெரிகிறதே என்பீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் எந்த ஆக்சைடை வெளியே வைத்தாலும் அந்தத் தோள் வரும்.

நான் செய்யச் சொல்வது இதுதான். அதே படலத்தைத் துண்டாக்கி, பிளாட்டினம் இல்லாத ஒன்றை அதே வாயுவில் வையுங்கள். பிளாட்டினம் உள்ள ஒன்றைத் தூய ஆர்கானில் வையுங்கள். 120 டிகிரியில் வினையூக்கி இல்லாமல் ஹைட்ரஜன் பிளவது மிகக் குறைவு. இரண்டு துண்டும் மாறாமல் இருந்தால் உங்கள் வாதம் பாதி வென்றுவிட்டது. மீதிப் பாதிக்கு, மின்தடை ஏறிய அந்தச் சாம்பிளைக் காற்றில் மிதமான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் ஆறவைத்து அளந்து பாருங்கள். மின்காப்பியிலிருந்து உலோகம், அப்புறம் பழைய 68 டிகிரித் தாவல் என்று வந்த வழியே திரும்பினால் அதைவிட அழகான சான்று கிடையாது. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் படலம் வனேடியம் பென்டாக்சைடு ஆகிவிடும். ஆர்கானில் சூடாக்கியே பழைய நிலைக்கு வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் காலியிடத்தை நிரப்ப அங்கே ஆக்சிஜன் இல்லை. வராவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். வெளியேறும் ஹைட்ரஜன் ஆக்சிஜனையும் இழுத்துக்கொண்டு நீராகப் போயிருக்கலாம்.

பணமும் கருவி நேரமும் கிடைத்தால் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியம் வாயுவில் ஒரு சாம்பிள் செய்து, இரண்டாம்நிலை அயனி நிறை நிறமாலையில் (SIMS) ஆழவாரியாக அளக்கச் சொல்லுங்கள். இயற்கை ஹைட்ரஜனில் டியூட்டீரியம் சுமார் 0.015 சதவீதம்தான், படலத்துக்குள் அது நிறையத் தெரிந்தால், காற்றின் ஈரம் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஜன்னல் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூடேறியதும் உலோகமாகி வெப்பக்கதிரைத் தடுப்பதுதான் வெயிலுக்கு ஏற்ப மாறும் கண்ணாடியின் வேலை, அதற்குத் தாவல் வேண்டும், அதுவும் குறைந்த வெப்பநிலையில். ஹைட்ரஜன் அந்தத் தாவலையே அழித்துவிடுகிறது. மேற்கு பார்த்த வீட்டு ஜன்னலுக்கு டங்ஸ்டன் கலப்பதுதான் பழகிய வழி: ஒரு அணு சதவீதம் கலந்தால் மாற்ற வெப்பநிலை சுமார் 20 முதல் 25 டிகிரி இறங்கும், தாவலின் அளவு மட்டும் சற்றுக் குறையும்.